ஒரு பயனெட்டின் தடிமன்

உங்களில் பாதிப் பேருக்கு, மெட்டல் ஊற்றுகிற அறை எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது என்று சொன்னார்கள். தப்பில்லை. நீங்கள் திரையில் செதுக்குகிறீர்கள், அனுப்புகிறீர்கள், கொஞ்ச நாளில் பொம்மைச் சிப்பாய் பெட்டிக்குள் போய்விடுகிறான். நடுவில் நடப்பதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று யாரும் உங்களைக் கேட்கப் போவதில்லை. ஓய்வு பெற்றவள் வந்திருக்கிறாள், நல்ல வார்த்தை நாலு சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போவாள் என்று நினைத்திருப்பீர்கள். நான் ஒரே ஒரு பெட்டியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அது அத்தனை சந்தோஷமான கதை இல்லை.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் ராயபுரத்துக்காரி. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நான் வேலை பழகியது சுரூபம் செய்கிற கடையில். மாதா, சூசையப்பர், அந்தோணியார் என்று கோயில்களுக்கு அனுப்புவோம். அந்தோணியாருக்கு மூக்கு எப்படி இருந்தது என்று அங்கே ஒருத்தரும் கேட்டதில்லை. கும்பிட வந்தவருக்கு மனசு இளகினால் சரி. அப்படி ஒரு இடத்திலிருந்து திருவொற்றியூரில் இருந்த எங்கள் பட்டறைக்கு வந்தபோதுதான், மேஜைமேல் படை நிறுத்திப் பகடை உருட்டி விளையாடுகிறவர்கள் உலகத்தில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. கட்டைவிரல் உயரச் சிப்பாயின் சட்டையில் எத்தனை பித்தான் என்று எண்ணிப் பார்த்துக் கோபப்பட்டுக் கடிதம் எழுதுவார்கள் என்பதும் அங்கேதான் தெரிந்தது.

அதனால் இந்த வேலையில் இரண்டு கட்சி உண்டு. நீங்களும் சீக்கிரம் ஏதாவது ஒன்றில் சேர்ந்துவிடுவீர்கள். ஒரு கட்சி, எல்லாம் நிஜ அளவில் இருக்க வேண்டும் என்று சொல்லும். இன்னொன்று, மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்குத் தெரிகிற மாதிரி தலையைப் பெரிசாக்கு, கையைத் தடிமனாக்கு, துப்பாக்கியை உலக்கை மாதிரி செய் என்று சொல்லும். நான் இரண்டாவது கட்சி. சுரூபக் கடையிலிருந்து வந்தவள் வேறு எப்படி இருப்பேன்?

எங்கள் ஓனர் முதல் கட்சி. கப்பலில் அதிகாரியாக இருந்துவிட்டு வந்தவர். போகிற துறைமுகத்திலெல்லாம் இந்த விளையாட்டை ஆடியிருக்கிறார். கம்பெனிக் காலத்து மதராஸ் சிப்பாய்கள் ஒரு பெட்டி வேண்டும் என்று வெளிநாட்டு வியாபாரி ஒருவர் கேட்டபோது அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! தன் அலமாரியிலிருந்து ஒரு பழைய பெட்டியை எடுத்து வந்து என் மேஜையில் கொட்டினார்.

“இது யாருன்னு நினைக்கிறீங்க, பிலோமினாம்மா?”

தலைப்பாகை கட்டிய சிவப்புச் சட்டைக்காரர்கள். தொடை ஒவ்வொன்றும் மல்யுத்தக்காரன் தொடை. முழங்கால் வரை பூட்ஸ்.

“நம்ம ஆளுங்க மாதிரி தெரியல சார்.”

“நம்ம ஆளுங்கதான். அவங்க கண்ணுக்கு இப்படித் தெரியுது. வெள்ளைக்காரனைச் செஞ்சு மூஞ்சியில மட்டும் பழுப்பு பூசியிருக்கான். நம்மாளு இப்படியா இருந்தான்? அரை டவுசரும் செருப்பும் போட்டுக்கிட்டு, ஒட்டின வயித்தோட, அவ்வளவு தூரம் நடந்தவன். ஒரு தடவையாவது அவனை அவனா செஞ்சு அனுப்பணும்.”

அதை அவர் சொன்ன விதம் அப்படி. அந்த இடத்தில் நான் கட்சி மாறிவிட்டேன் என்றே சொல்லலாம். காலையில் காசிமேட்டுக்குப் போய், கூடை தூக்குகிறவர்களின் கெண்டைக்காலையும் பிடரியையும் பார்த்துவிட்டு வந்து செதுக்கினேன். மெலிந்த கால், துருத்திய முழங்கால், தோளில் பாரம் ஏறியதும் கழுத்து ஒரு பக்கம் சாய்கிற சாய்வு. ஓனர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு சிப்பாயைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். என் வேலைக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

தகராறு பயனெட்டில் வந்தது. துப்பாக்கி முனையில் செருகுகிற கத்தி. பெட்டிமேல் வரப்போகிற படத்தில் சிப்பாய்கள் அதை நீட்டிக்கொண்டு பாய்ந்து ஓடுகிறார்கள். நான் வழக்கம்போல் தடிமனாகச் செய்திருந்தேன். வியாபாரியிடம் சரித்திர ஆலோசகர் ஒருவர் இருந்தார், வயதானவர், பேராசிரியராக இருந்தவர். அவரிடம் படம் போனது. நிஜப் பயனெட்டை இந்த அளவுக்குச் சுருக்கினால் தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமனாக இருக்கும் என்று பதில் வந்ததாக ஓனர் வந்து சொன்னார்.

“முடி மாதிரி செஞ்சா மெட்டல் நுனி வரைக்கும் போகாது சார்.”

“காலும் முகமும் நிஜம், கையில மட்டும் கடப்பாரையா? பார்க்கிறவன் சிரிப்பான்.”

நான் மெலியச் செய்து கொடுத்தேன். கண்ணில் பட்டால் குத்தும், அவ்வளவு மெலிசு. அழகாகத்தான் இருந்தது.

இப்போது டில்லியைப் பற்றிச் சொல்ல வேண்டும். டில்லிபாபு, வியாசர்பாடி. எங்கள் மெஷினில் மெட்டல் ஊற்றுகிறவன். இரண்டு ரப்பர் தட்டுகளுக்கு நடுவில் சிப்பாய்களின் அச்சு இருக்கும், தட்டு வேகமாகச் சுற்றும், மூடியில் இருக்கிற துளை வழியாக உருகின மெட்டலைக் கரண்டியால் ஊற்ற வேண்டும். சுற்றுகிற வேகத்தில் அது ஓடிப்போய் ஒவ்வொரு அச்சையும் நிரப்பும். துளை பெரிதில்லை. டில்லி பேச்சை நிறுத்தாமலே ஊற்றுவான், ஒரு சொட்டு வெளியே விழாது. எங்கள் எல்லோரையும் அவன் சத்தம் போட்டுத்தான் கூப்பிடுவான். அந்த மெஷின் சத்தத்தில் பேசிப் பேசிப் பழகிய தொண்டை.

புது அச்சு வந்து கொஞ்ச நாளில் அவன் ஒரு தட்டு நிறையச் சிப்பாய்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

“இன்னாக்கா இது, ஊசியாட்டம் கீது? பாதிப் பேருக்குக் கத்தியே வர்ல. மொட்டையா நிக்கிறானுங்க.”

“என்ன பண்ணிப் பார்த்தே?”

“இன்னா பண்றது? சூடு ஏத்திக்கினே போறேன், ஸ்பீடு ஏத்திக்கினே போறேன். ரெண்டும் ஏத்துனா நுனி வரைக்கும் போவுது. ஆனா ரப்பரு தாங்கல. கருகிப் பொளந்துக்கினு வருது. நீ ஒரு முடி அளவு தடிப்பு பண்ணிக் குடு, போதும்.”

நான் அன்றைக்கே ஓனரிடம் போனேன். பிளந்த ரப்பர் தட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிநாட்டில் ஒரு கண்காட்சி வருகிறது, அதில் பெட்டி இருந்தே ஆக வேண்டும், இப்போது அச்சை மாற்றினால் முடியாது என்றார். இந்தச் சரக்கு போகட்டும், அடுத்ததில் பார்க்கலாம் என்றார். புது ரப்பருக்குச் சொல்லியிருக்கிறேன், வரும்வரை இருப்பதை வைத்து ஓட்டச் சொல்லுங்கள் என்றார். பேராசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றார்.

நான் அதை டில்லியிடம் சொன்னேன். “சரி வுடு” என்றான்.

ஒரு மத்தியானம். பெயின்ட் பிரிவுப் பெண்கள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. சட்டியில் தண்ணீர் தெளித்தால் வருமே, அந்த மாதிரி ஒரு சீறல். அதற்குப் பிறகு டில்லி கத்தினான்.

அச்சு கிழிந்து மெட்டல் வந்த வழியே மேலே எகிறியிருந்தது. முகத்துக்குக் கண்ணாடி மூடி உண்டு. ஆனால் அந்த மெல்லிய நுனிகளுக்காக ஏற்றிய சூட்டில் அது பனித்துப்போய்த் துளை தெரியாது என்பதால், ஊற்றுகிற நேரத்துக்கு அதை நெற்றிக்குத் தூக்கிவிடுவான். நான் போய்ப் பார்த்தபோது தரையில் முழங்காலிட்டு, இரண்டு கையையும் முகத்துக்குக் கொண்டுபோய், தொடாமல், காற்றில் வைத்துக்கொண்டிருந்தான். தொட்டால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. மெஷின் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. பெயின்ட் பிரிவு ஸ்டெல்லா ஓடிப்போய் மெஷினை நிறுத்தினாள். நான் குடிதண்ணீர் கேனைத் தூக்கி அவன் முகத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஓனர் காரை எடுத்தார். பின் சீட்டில் டில்லி, பக்கத்தில் நான். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுக வாசல் வரை நின்றன. உங்களுக்குத் தெரியுமே அந்த வரிசை. ஓனர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. டில்லி என் கையைப் பிடித்திருந்தான். வலது கண் மூடியே இருந்தது. இடது கண்ணைத் திறக்கப் பார்த்துப் பார்த்து மூடினான்.

அப்போதுதான் ஓனர் முன்னால் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார்.

“ஆஸ்பத்திரியில வீட்ல நடந்துச்சுன்னு சொல்லிடலாம். எண்ணெய் தெறிச்சுதுன்னு. பட்டறையிலன்னு சொன்னா போலீஸ் வரும், இன்ஸ்பெக்டர் வருவாங்க, மூடிடுவாங்க. எல்லாருக்கும் வேலை போயிடும். செலவு மொத்தமும் நான் பார்த்துக்கறேன் டில்லி. சத்தியமா.”

அவர் பொய் சொல்லவில்லை. செலவைப் பார்த்திருப்பார். அவரை எனக்குத் தெரியும்.

டில்லி சொன்னான்: “வூட்லனே சொல்லுக்கா. மூடிட்டா அல்லாரும் இன்னா பண்றது?”

அடிபட்டவனே சொல்கிறான், நான் யார் இடையில் என்றுதான் எனக்கும் தோன்றியது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு. ஓனர் சொன்னார். எண்ணெய், வீட்டில், வடை சுடும்போது. டில்லி தலையை ஆட்டினான். டாக்டர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார்.

“எண்ணெயா? எந்த எண்ணெய்? எண்ணெய் இப்படி ஒட்டாதே.”

ஓனர், “கடலை எண்ணெய்” என்றார்.

டாக்டர் எழுதப் போனார். அந்த நேரத்தில் டில்லியின் சட்டைக் காலரில் ஒரு துளி மெட்டல் இறுகிப்போய்ப் பளபளத்தது. சட்டையில் அது இருக்கிறதென்றால் கண்ணுக்குள்ளும் இருக்குமே என்று எனக்கு உதித்தது. எண்ணெய் என்று எழுதினால் எண்ணெய்க்குத்தான் வைத்தியம் பார்ப்பார்கள். உள்ளே எதையும் தேட மாட்டார்கள். அந்த நிமிஷம் பட்டறையோ வேலையோ என் நினைவில் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தத் துளி.

“எண்ணெய் இல்லை டாக்டர். உருக்கின மெட்டல். பட்டறையில. வெள்ளீயமும் அதோட இன்னும் ரெண்டும் கலந்தது. மெஷினிலேர்ந்து எகிறிச்சு.”

ஓனர் என்னைப் பார்த்தார். டில்லி, “யக்கா” என்று மட்டும் சொன்னான்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, இரண்டு கண் இமைகளையும் மடித்துப் பார்க்க ஆரம்பித்தார். அவ்வளவாக ஒன்றும் ஆகவில்லை என்று நாங்கள் நினைத்த இடது கண்ணில், மேல் இமைக்குள், ஒரு செதில் ஒட்டியிருந்தது. எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தார். இது உள்ளேயே இருந்து இமைக்கும்போதெல்லாம் கீறியிருந்தால் இந்தக் கண்ணும் போயிருக்கும் என்றார். வலது கண்ணுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

நீங்கள் நினைப்பதுபோல் யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. டில்லியின் மனைவி கலா வார்டு வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அவரே வூட்லன்னு சொன்னாருல்ல? நீ யாரு அத மாத்த? ஒரு கண்ணும் போச்சி, வேலையும் போச்சி. இப்ப சந்தோஷமா?”

ஓனர் பயந்தபடிதான் நடந்தது. அதிகாரிகள் வந்தார்கள், மெஷினின் மூடிக்குப் பாதுகாப்புப் போதாது என்றார்கள், பட்டறையைப் பூட்டினார்கள். பல மாதம் பூட்டியே கிடந்தது. பெயின்ட் பெண்கள் சிலர் மீன் ஏலக்கூடத்துக்குக் கூலிக்குப் போனார்கள். ஸ்டெல்லா ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே வரும்போது என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனாள். அவள் வீட்டுக்காரர் படுக்கையில் இருந்தவர். அவள் கோபத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. வேலையில் நடந்த விபத்து என்று பதிவானதால் டில்லிக்குத் தொழிலாளர் காப்பீட்டில் மாதாமாதம் ஒரு தொகை வர ஆரம்பித்தது. அதைக் கலா வந்து சொல்லிவிட்டு, “அது வருதுக்கா. அவருதான் பேசறதே இல்ல” என்றாள். அந்தத் தொண்டை பேசாமல் இருக்கும் என்று என்னால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

அந்த மாதங்களில் வீட்டில் உட்கார்ந்து, கத்தி வராத மொட்டைச் சிப்பாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டில்லி அன்றைக்குக் கொண்டுவந்து வைத்த அதே ஆட்கள். கத்தி இல்லாமல், கை மட்டும் முன்னால் நீட்டி, எதையோ நோக்கி ஓடுகிறார்கள். அந்தக் கை எதற்கு நீண்டிருக்கிறது என்று யோசித்தபோது, நாங்கள் எல்லோரும் தப்பான இடத்தில் சண்டை போட்டிருக்கிறோம் என்பது புரிந்தது.

மறுபடி செதுக்க ஆரம்பித்தேன். பட்டறை திறக்கப்போகிற சமயம் ஓனரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு சிப்பாய் நடந்து போகிறான். துப்பாக்கி தோளில். பயனெட் இடுப்பில், உறைக்குள். உறை உடம்போடு ஒட்டியிருக்கிறது, மெட்டல் தடையில்லாமல் ஓடும்.

அவர் இளைத்திருந்தார். “போர் விளையாட்டும்மா இது. சும்மா நடந்து போறவனை யார் வாங்குவான்?”

“சார், நீங்க நிஜம் வேணும்னு கேட்டீங்க. பயனெட் மெலிசுன்றது நிஜம். அதை வெளிய நீட்டிக்கிட்டுத்தான் இருக்கணும்ன்றது ஸ்டைல். பெட்டிமேல படம் நல்லா இருக்கணும்னு நாம ஆசைப்பட்டது. ரெண்டையும் சேத்து நிஜம்னு ஒரே பேர் வச்சிட்டோம். இவன் வாழ்க்கையில முக்கால்வாசி நாள் இப்படித்தான் நடந்திருப்பான்.”

அவர் கம்ப்யூட்டரைத் திறந்து பேராசிரியரை வீடியோவில் கூப்பிட்டார். அவரை நான் முகம் பார்த்துப் பேசியது அன்றைக்குத்தான். நல்ல மனிதர். புதுச் சிப்பாயைப் பார்த்து, ரொம்பச் சரி என்றார். பழையதை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டார். நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் டில்லியைப் பற்றிச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “நிஜப் பயனெட் எவ்வளவு தடிமன் என்று கேட்டீர்கள், சொன்னேன்” என்றார். “நீங்கள் அப்படித்தான் வார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வார்க்கிறவருக்குக் கஷ்டம் என்று யாராவது ஒரு வரி எழுதியிருந்தால், தடிமனாகவே செய்யுங்கள் என்று அன்றைக்கே சொல்லியிருப்பேனே. என்னிடம் ஏன் யாரும் கேட்கவில்லை?”

ஓனர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். அவர் கேட்கவே இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவருடைய தோளைப் பார்த்தபோது கோபம் வரவில்லை. நம்முடைய ஆள் ஒருவனைச் சரியாகக் காட்ட வேண்டும் என்று அத்தனை ஆசைப்பட்ட மனிதர். மதிப்பு வைத்திருந்த ஒருவர் தகவலாகச் சொன்னதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டார்.

நீங்கள் இதையெல்லாம் சந்திப்பீர்கள். ஒருவர் சரித்திரம் என்பார், ஒருவர் ஸ்டைல் என்பார். எந்தக் கட்சியில் வேண்டுமானாலும் இருங்கள். ஆனால் ஒரு சொல் இரண்டு பேர் வாய் மாறி வந்தால், சொன்னவரிடமே போய்க் கேளுங்கள். கேட்கும்போது, அதைச் செய்கிறவனுக்கு என்ன ஆகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதி விஷயம் தெரிந்தவரிடமிருந்து வருகிற பதில் எவ்வளவு சரியாக இருந்தாலும் பாதிப் பதில்தான்.

அந்தப் பெட்டி போனது. பிரமாதமாக விற்கவில்லை. ஓடுகிற சிப்பாய் இல்லாமல் சப்பென்று இருக்கிறது என்று எழுதினார்கள்.

பட்டறை திறந்த பிறகு ஒருநாள் டில்லி வந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். யாரிடமும் எதுவும் கேட்காமல் நேராக மெஷினிடம் போனான். அடுப்பு பற்றவைக்காத நேரம். வாளியில் தண்ணீர் பிடித்துவந்து, கரண்டியில் மொண்டு, மூடியின் துளையைப் பார்த்து ஊற்றினான். தண்ணீர் துளைக்குப் பக்கத்தில் விழுந்தது. கொஞ்சம் தள்ளி நின்று திரும்ப ஊற்றினான். இந்தப் பக்கம் விழுந்தது. ஒற்றைக் கண்ணுக்குத் துளை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது பிடிபடவில்லை. நாங்கள் எல்லோரும் வாசலில் நின்றோம். ஸ்டெல்லா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியில் அவன் இடது கை விரலைத் துளையின் விளிம்பில் வைத்து, இடம் பார்த்து, விரல்மேல் படும்படி ஊற்றினான். இந்த முறை தண்ணீர் சரியாக உள்ளே இறங்கியது. ஈரமான அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து மூடியைத் துடைத்தான். துளைக்குள்ளும் துண்டை விட்டுச் சுற்றிச் சுற்றித் துடைத்தான்.

“புது ஆளு யாரு வந்தாலும் ஒரு தபா சூடு காட்டிட்டு ஊத்தச் சொல்லுக்கா,” என்றான். “உள்ள ஈரம் இருந்தா மெட்டலு எகிறும்.”